மழைக்குப் பயந்த பிள்ளைகளோடு பத்து நாட்கள்

மழையும் குளிரும் கண்டிப் பிள்ளைகளான எமக்குப் புதியவை அல்ல. குடையை மறந்துவிட்டு மஹய்யாவ மேட்டில் நனைந்தபடி ஏறி, வீட்டுக்கு வந்து உம்மாவிடம் ஏச்சு வாங்கி, இஞ்சி போட்ட பிளேன்டி குடித்து வளர்ந்தவர்கள் நாம். மழை வந்தால் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்த வேண்டும், விளையாட்டுப் பாடவேளை இருக்காது, பஸ் பிந்தும். அதற்கு மேல் மழையைப் பற்றி நாம் யோசித்ததில்லை. 2025 நவம்பர் மாதத்தின் கடைசி வாரம் அந்த நிலையை மாற்றிவிட்டது.

‘டிட்வா’ என்ற பெயர் யெமன் நாடு கொடுத்தது. சொகோத்ரா தீவில் உள்ள ஓர் அழகிய கடல்நீரேரியின் பெயராம் அது. அந்தப் பெயரைத் தாங்கி வந்த சூறாவளி நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டது. கடல் இல்லாத எங்கள் மாவட்டத்தை அது மழையாலும் மண்ணாலும் தாக்கியது. மகாவலி பெருகிக் கம்பளை, நாவலப்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. மலைச்சரிவுகளில் இருந்த வீடுகள் மண்ணோடு போயின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் கண்டி மாவட்டத்தவர்கள். இன்னும் பலர் மண்ணுக்குள்ளிருந்து மீட்கப்படவேயில்லை. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த நாட்களில் நான் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். நவம்பர் 10ஆம் திகதி தொடங்கிய பரீட்சை 27ஆம் திகதி இடைநிறுத்தப்பட்டது. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. கம்பளையில் இருக்கும் என் வகுப்புத் தோழி உயிரோடு இருக்கிறாள் என்று அறிய எனக்கு மூன்று நாட்கள் எடுத்தன. மீதிப் பாடங்கள் எப்போது என்று எவருக்கும் தெரியாது. மேசையில் விரித்த கொப்பி விரித்தபடியே கிடந்தது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன. மனதுக்குள் ஒன்றும் போகவில்லை.

எங்கள் கல்லூரியின் உளவளத்துணை ஆசிரியை டிசம்பர் முதல் வாரத்தில் அழைப்பு எடுத்தார். நகருக்கு வெளியே ஒரு பாடசாலை மண்டபத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கியிருப்பதாகவும், பெரியவர்கள் உணவுக்கும் ஆவணங்களுக்கும் அலைந்துகொண்டிருக்க, பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்றும் சொன்னார். “படிச்ச மட்டும் போதும், வாங்க பிள்ளைகள்” என்றார். வாப்பா பரீட்சையை நினைத்துத் தயங்கினார். உம்மாதான், “இவள் இங்கே இருந்தாலும் படிக்கப் போறதில்லை. அங்கே போனாலாவது நாலு பிள்ளைகள் சிரிக்கும்” என்று அனுப்பி வைத்தார். நாங்கள் ஐந்து பேர் போனோம். பத்து நாட்கள் இருந்தோம். அந்தப் பத்து நாட்களில் கண்டதையும், ஆசிரியையிடம் கேட்டு அறிந்ததையும் எமது சஞ்சிகையின் வாசகியருக்கு எழுதி வைப்பது பயன்தரும் என்று நினைக்கிறேன். மழை மறுபடியும் வரும்; நம் வகுப்பறைகளுக்குள் அந்தப் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள்.

முதல் நாள் போகும் வழியில் ஆசிரியை எங்களுக்கு மூன்று சொற்களைக் கற்பித்தார்: பாருங்கள், கேளுங்கள், இணைத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் சாரம் இதுதானாம். யாருக்கு என்ன தேவை என்று முதலில் பார்க்க வேண்டும். பேச விரும்புகிறவரைக் கேட்க வேண்டும். நம்மால் முடியாததைச் செய்யக்கூடியவரோடு அவரை இணைத்துவிட வேண்டும். கைகால் உடைந்தவருக்கு நாம் சத்திரசிகிச்சை செய்வதில்லை. ஆனால் தண்ணீர் கொடுத்து, அசையாமல் வைத்து, வைத்தியசாலைக்கு அனுப்பலாம். மனதுக்கும் அப்படித்தான். “நடந்ததைச் சொல்லு என்று மட்டும் ஒரு பிள்ளையையும் கேட்க வேண்டாம். அதுவாகச் சொன்னால் காது கொடுங்கள்” என்பது அவர் போட்ட ஒரே கட்டளை.

அந்தக் கட்டளையின் பெறுமதி அன்று பின்னேரமே விளங்கியது. உலருணவுப் பொதிகளோடு வந்த ஒரு குழுவில் ஒருவர், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவனிடம், “மண் வரும்போது நீ எங்க இருந்த? உம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். அவன் பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது அவன் நான்காவது தடவையாகச் சொன்ன கதை என்று பக்கத்திலிருந்த ராத்தா ஒருவர் சொன்னார். அன்றிரவு அவன் தூக்கத்தில் கத்தி எழும்பினான் என்று மறுநாள் கேள்விப்பட்டோம். அனர்த்தம் நடந்த உடனேயே எல்லோரையும் உட்கார வைத்து, பட்டதை எல்லாம் ஒரே தடவையில் சொல்ல வைப்பது நன்மை தரும் என்று ஒரு காலத்தில் நிபுணர்களும் நம்பினார்களாம். அது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டியதால் இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பொதி கொடுப்பவரின் மனம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு பிள்ளையின் துயரம் பொதிக்குக் கொடுக்கும் விலை ஆகக்கூடாது.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் உம்மாவின் முந்தானையை விடவில்லை. படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளைகள் மறுபடி நனைத்தார்கள். ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் தலைவலியும். மருந்து கொடுத்தால் நிற்காது, இருட்டினால் கூடும். பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் சும்மா இருந்தவர்களோடு சண்டைக்குப் போனார்கள். இன்னும் சிலர் பெரிய மனிதர்போல் ஒன்றும் நடக்காதது மாதிரி நடந்தார்கள். ‘பழக்கம் கெட்ட பிள்ளைகள்’ என்று சில பெரியவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆசிரியை அவர்களை ஒருபுறம் அழைத்துச் சொன்னார்: “பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகும். நெஞ்சு அடிக்கும், வயிறு இறுகும், தூக்கம் போகும். ஆபத்து போன பிறகும் உடம்புக்கு அது போனது தெரிவதில்லை. பிள்ளை கெட்டுப் போகவில்லை. அதன் உடம்பு இன்னும் காவல் இருக்கிறது.” அதைக் கேட்ட ஒரு தாய் அழுதார். முதல் நாள் இரவுதான் படுக்கையை நனைத்ததற்காக மகனை அடித்தாராம்.

நமது நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து மூன்று, நான்கு வாரங்களின் பின் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இடத்துக்கு இடம் 14 முதல் 39 வீதம் வரையான பிள்ளைகளிடம் மனவடுவின் அறிகுறிகள் இருந்தன. இந்த எண்களை நான் இரண்டு விதமாக வாசிக்கிறேன். பாதிப்பு மிகப் பெரியது என்பது ஒன்று. அவ்வளவு பெரிய கடல் வந்து போன பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் அந்த நிலைக்குப் போகவில்லை என்பது மற்றொன்று. அதே காலத்தில் வட கிழக்கின் ஒரு முகாமில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கைக் கதையை முறையாகச் சொல்ல உதவினார்கள். மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பித்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதங்களின் பின் இரு குழுக்களிலும் பத்தில் ஏழு, எட்டுப் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். கதை சொல்ல வைப்பதற்கு அவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதையும் இதிலிருந்து விளங்கிக்கொண்டேன். தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கேட்கும் கதை வேறு.

நாங்கள் நிபுணர்கள் அல்ல, உயர்தர மாணவிகள். எங்களால் செய்ய முடிந்தது, நாளுக்கு ஒரு வடிவம் கொடுப்பது. பிஸ்கட் பெட்டி ஒன்றின் மட்டையைக் கிழித்து நேரசூசி எழுதினோம். எட்டரைக்கு இடத்தைக் கூட்டுதல், ஒன்பதுக்கு வகுப்பு, பத்தரைக்குத் தேநீர், பதினொன்றுக்கு விளையாட்டு, ளுஹர் தொழுகை, சாப்பாடு, பிறகு கதை. மணிக்குப் பதிலாக ஒரு பழைய தட்டும் கரண்டியும். தட்டை அடிக்கும் பொறுப்பு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளைக்கு. முஸ்லிம் பிள்ளைகள், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள், சில சிங்களப் பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கே இருந்தார்கள். ராத்தா, அக்கா, அக்கே என்று மூன்று பெயரில் எங்களை அழைத்தார்கள். இரண்டாம் நாள் ஒன்பது மணியாவதற்கு முன்பே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எல்லாம் கலைந்து கிடக்கும்போது, அடுத்து என்ன வரும் என்று தெரிவதே ஒரு பிள்ளைக்குப் பெரிய ஆறுதல் என்பதை அந்த வரிசையில் கண்டோம். பாடசாலை என்பது பாடம் படிக்கும் இடம் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தத் தகரத் தட்டின் சத்தம் வேறொன்றைச் சொல்லித் தந்தது.

மூச்சுப் பயிற்சியும் செய்தோம். “ஆழமாக மூச்சு விடுங்கள்” என்றால் சிறுவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். என் தோழி ஒருத்தி, “நோன்புக் கஞ்சி கொதிக்கக் கொதிக்க வந்தால் எப்படி ஊதுவீங்க?” என்று கேட்டாள். ஒரு தோட்டத்துப் பிள்ளை, “எங்களுக்குக் கஞ்சி இல்லை, சாயத்தண்ணி” என்றது. சரி, ஆளுக்கு ஒரு கோப்பை கையில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். மூக்கால் மணத்தை இழுத்து, வாயால் மெல்ல ஊதி ஆற்றினோம். இழுப்பது கொஞ்சம், ஊதுவது நீளம். அப்படி ஊதும்போது நெஞ்சு படபடப்பு இறங்கும் என்பது உடற்றொழிலியல் பாடம். ஆனால் பிள்ளைகளுக்கு அது சாயத்தண்ணி விளையாட்டு. இரவில் இடி இடித்தபோது ஒரு சிறுவன் தன் தங்கைக்கு, “சாயத்தண்ணியை ஊது, ஊது” என்று சொல்லிக் கொடுத்ததாக அவர்களது தாய் சொன்னார்.

மூன்றாம் நாள் பையன்கள் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். வெற்றுப் பெட்டிகளை அடுக்கி, “மண் வருது, ஓடு!” என்று கத்திக்கொண்டு தள்ளி விழுத்துவது. திரும்பத் திரும்ப அதே விளையாட்டு. பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை, ஒருவர் பெட்டிகளைப் பறித்துக்கொண்டு போனார். ஆசிரியை அவற்றைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு கரையோரப் பிள்ளைகளும் அலை வரும் விளையாட்டு விளையாடினார்களாம். சொல்லால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விளையாட்டு எப்படி முடிகிறது? ஒவ்வொரு தடவையும் எல்லோரும் புதையுண்டே முடிந்தால் பிள்ளை அந்த இடத்திலேயே சிக்கியிருக்கிறது என்று பொருள். ஆகவே நாங்கள் ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்: “பிறகு யார் வந்தாங்க?” சிறிது நேரம் மௌனம். பிறகு ஒருவன், “பெக்கோ வந்த” என்றான். செருப்பு ஒன்று பெக்கோ இயந்திரம் ஆனது. இன்னொருவன் ஆமிக்காரன் ஆனான். ஒருத்தி மருத்துவத் தாதி. நாலைந்து நாட்களில் அந்த விளையாட்டில் மண் சரிவதற்கு எடுத்த நேரத்தை விட, ஆட்களைத் தூக்கி எடுத்து வீடு கட்டுவதற்கு எடுத்த நேரம் கூடிவிட்டது.

மிகவும் கடினமாக இருந்தது அவர்களது கேள்விகள்தான். ஐந்தாம் தரத்துச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “இது அல்லாஹ்வின் சோதனை என்று எல்லாரும் சொல்றாங்க. அப்ப நாங்க பெயிலா ராத்தா?” ‘சோதனை’ என்ற சொல்லை நாம் ஆறுதலாகச் சொல்கிறோம். அவள் அறிந்த சோதனையில் புள்ளி உண்டு, சித்தியும் உண்டு, தோல்வியும் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை அல்லவா! நான் அவளிடம் சொன்னேன்: மலை சரிந்தது மழை கூடியதால். மண் தாங்கக்கூடியதை விடத் தண்ணீர் இறங்கிவிட்டது. நீ செய்த எந்தக் காரியத்தாலும் அது நடக்கவில்லை. அல்லாஹ் உன்னோடு கோபமாக இல்லை. அதே போல், அழும் பிள்ளையிடம் “அழாதே, சபூர் செய்” என்று சொல்வோரும் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் விட்டார்கள் என்பது நாம் இஸ்லாம் பாடத்தில் படித்ததுதானே. அதை அங்கே நினைவூட்டியவர் முகாமிலிருந்த ஒரு வயதான மௌலவி. அதற்குப் பிறகு பிள்ளைகளின் அழுகைக்கு இடம் கிடைத்தது. சில பெரியவர்களும் அன்றுதான் அழுதார்கள்.

பிள்ளைகளின் பயத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. எவ்வளவு மழை ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லா மழையும் ஆபத்தானதாகத் தோன்றியது. தூறல் விழுந்தாலும் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். விஞ்ஞானப் பிரிவுத் தோழி ஒருத்திக்கு ஒரு யோசனை வந்தது. பக்கம் நேரான ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல் வைத்து, அடிமானத்தைப் பொடிக் கல்லும் தண்ணீரும் விட்டுச் சமப்படுத்தி, ரூலரைப் பார்த்து மில்லிமீற்றர் கோடுகள் போட்டாள். முற்றத்தின் நடுவே மழைமானி தயார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைப்பகுதி மக்களுக்குச் சொல்லும் அளவுகளை மூன்று நிறங்களில் குறித்தோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகிய அடையாளங்களையும் படமாக வரைந்து ஒட்டினோம். பயத்தைப் பற்றிப் பேசிப் பயத்தைக் கூட்டிவிடுவோமோ என்று யோசித்து ஆசிரியையிடம் கேட்டுத்தான் செய்தோம். அளவு தெரிந்த பயம் அளவோடு நிற்கும் என்றார் அவர்.

நான்காம் தரத்துச் சிறுமி ஒருத்தி அந்த முகாமில் எவரோடும் பேசாமல் இருந்தாள். அவளது உம்மும்மா மண்ணில் அகப்பட்டவர். சாப்பிடுவாள், வரிசையில் நிற்பாள், படம் வரைவாள். ஆனால் பேச்சு இல்லை. பேச வைக்க எவரும் முயலவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் வரைவேன், அவ்வளவுதான். ஆறாம் நாள் இரவு மழை பெய்தது. காலையில் பிள்ளைகள் எல்லோரும் மழைமானியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஒருவன் முப்பது என்றான், இன்னொருவன் இருபது என்றான். சச்சரவு கூடியது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணை நீர் மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, “இருபத்திரண்டு” என்றாள். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து மட்டையில் மழையளவு எழுதும் பொறுப்பு அவளுடையதாயிற்று. அந்த ஒரு சொல்லோடு அவள் சுகமாகிவிட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. அவளுடைய துக்கம் நீண்டது. அவளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசிரியை வைத்தியசாலையின் உளநலப் பிரிவோடு இணைத்துவிட்டார். மூன்றாவது சொல் அதற்குத்தான் இருந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த பிள்ளைகளின் கவலை வேறு. அவர்கள் இறந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. கொப்பிகளைப் பற்றிப் பேசினார்கள். பதினோராம் தரத்து மாணவி ஒருத்தி, “வரலாறு நோட்ஸ் முழுக்கப் போச்சு. இரண்டு வருஷ எழுத்து. இனி நான் எழுதி என்ன?” என்றாள். முதலில் ஆறுதல் சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு யோசித்தோம். கொப்பி போனவளுக்கு வேண்டியது கொப்பி. அன்றிரவே எங்கள் வகுப்புக் குழுவுக்குச் செய்தி போனது. வீட்டில் இருந்த தோழியர் தம் பழைய நோட்ஸ்களைத் தேடி எடுத்தார்கள். பாடத்தைப் பாடமாகப் பிரித்துக்கொண்டு, போட்டோக் கொப்பி எடுக்க முடிந்ததை எடுத்து, முடியாததைக் கையால் எழுதி, ஐந்து நாட்களில் ஒன்பது மாணவருக்கான நோட்ஸ்களைக் கட்டிக் கொடுத்தோம். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்த மாணவி முதன்முறையாகத் தன் வீட்டைப் பற்றி, முன்வாசலில் நின்ற கொய்யா மரத்தைப் பற்றிச் சொன்னாள். நெருக்கீட்டைக் குறைக்கும் வழி எப்போதும் பேச்சிலிருந்து தொடங்குவதில்லை. சில வேளை அது ஒரு சோடிச் சப்பாத்திலிருந்தும் ஒரு கட்டு நோட்ஸிலிருந்தும் தொடங்குகிறது.

முகாமுக்கு வராத பிள்ளைகளையும் நாம் மறக்கக்கூடாது. எங்கள் வீட்டுக்கு அல்லாஹ்வின் அருளால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மூன்றாம் தரத்தில் படிக்கும் என் தம்பி இரண்டு வாரமாகப் பாடசாலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தூங்கினான். மின்சாரமும் சிக்னலும் வந்த பிறகு, வீட்டில் எல்லோரும் தொலைபேசியில் மலை சரியும் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சிறு பிள்ளைக்கு அது ஒரே சரிவின் பத்து வீடியோ என்று தெரியாது. பத்து மலைகள் சரிந்தன என்று நினைக்கும். உம்மா அந்த வீடியோக்களை வீட்டில் நிறுத்தினார். சப்பாத்தைக் கழற்று என்று யாரும் தம்பியை அதட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டோர்ச்சும் அவனது சப்பாத்தும் வைக்க ஓர் இடம் கொடுத்தோம். சில நாட்களில் சப்பாத்து அங்கே போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 16ஆம் திகதி முதல் பாடசாலைகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. முகாமில் இருந்த குடும்பங்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. நாங்களும் ஜனவரியில் மீதிப் பரீட்சையை எழுதினோம். கம்பளைத் தோழி தன் மாமியின் மகளுடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். பெறுபேறு எப்படி வந்தாலும், அந்தக் கதவால் அவள் உள்ளே வந்ததை நான் ஒரு சித்தியாகவே எண்ணுகிறேன்.

இனி நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு மாதங்களில் தாமாகவே தேறுவார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கமின்மை, கெட்ட கனவு, பேச்சின்மை, உணவு வெறுப்பு, பாடசாலைக்கு வர மறுத்தல் என்பன தொடர்ந்தால், அல்லது ஒரு பிள்ளை வாழ விருப்பமில்லை என்று ஒரு தடவையேனும் சொன்னால், காத்திருக்கக் கூடாது. வகுப்பாசிரியைக்கும் உளவளத்துணை ஆசிரியைக்கும் சொல்ல வேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும், சிறுவர்களுக்கான 1929 என்ற இலக்கத்துக்கும் எவரும் அழைக்கலாம். அது காட்டிக்கொடுப்பது ஆகாது; தோழிக்குச் செய்யும் அமானிதம்.

மாணவத் தலைவியரான தங்கைகளே, ஒக்டோபரும் நவம்பரும் ஆண்டுதோறும் வரும். அப்போது வகுப்பறை ஓட்டில் மழை பலமாக விழும். ஒரு பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கும். வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும். அவளை வரிசைக்குப் போகச் சொல்லி அதட்டாமல், பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். இன்று எத்தனை மில்லிமீற்றர் மழை என்று சேர்ந்து பாருங்கள். நம் கல்லூரி முற்றத்தில் ஒரு மழைமானி வைப்பதற்கு ஒரு போத்தலும் ஒரு ரூலரும் போதும். அதை வாசித்துக் கரும்பலகையில் எழுதும் வேலையை, மழைக்கு மிகவும் பயப்படும் பிள்ளையிடம் கொடுங்கள்.